கசிவுக்கு மருந்து தண்ணீர் அன்று



சென்ற திங்களில் ஒரு ஞாயிறு காலை, திருப்பலி முடிந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தாம் வாங்கிய கார் ஒன்றை மந்திரிப்பதற்காகக் கோவில் முற்றத்துக்குக் கொண்டுவந்தார். புதுக் கார் அன்று. மூன்று கை மாறி வந்தது. ஆயினும் கழுவித் துடைத்து, மாலை சாற்றி, மனைவி மக்களோடு அதன் அருகில் அவர் நின்ற நிலையைக் கண்டபோது நமக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. செபம் முடிந்து வண்டியைச் சற்று முன்னால் நகர்த்தினார். அது நின்றிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது.

அவரை அழைத்துக் காட்டினோம். “அது ஒண்ணுமில்ல சாமி, ரேடியேட்டர் கொஞ்சம் கசியும். வித்தவரே சொல்லித்தான் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி ஊத்திக்கிட்டா ஓடிக்கிட்டே இருக்குமாம்” என்றார்.

அவர் சொன்ன சொற்கள் நம் நெஞ்சைச் சுட்டன. ஏனெனில் இருபது ஆண்டுகளுக்கு முன் அதே சொற்களை நாமே பலரிடம் சொல்லியிருக்கிறோம். அதனால் விளைந்ததை இப்பகுதியில் இதுவரை எழுதியதில்லை. எழுத வெட்கப்பட்டோம் என்பதே உண்மை. பழைய கார் வாங்கும் குடும்பங்கள் பெருகிவரும் இந்நாளில் இனியும் எழுதாதிருப்பது சரியன்று.

அப்போது கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்குள் சிதறிக்கிடந்த பல கிளைக் கிராமங்கள் நம் பொறுப்பில் இருந்தன. பேருந்து சில ஊர்களுக்கு நாளில் இருமுறை. சில ஊர்களுக்கு அதுவும் இல்லை. எனவே பழைய அம்பாசிடர் டீசல் கார் ஒன்றை வாங்கினோம். கரடுமுரடான பாதைக்கு ஏற்ற வண்டி. எந்த ஊரிலும் பழுதுபார்க்க ஆள் உண்டு. உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். குற்றம் ஒன்றே. ரேடியேட்டரின் அடியில் சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தது. முதலில் வாரத்துக்கு ஒரு செம்பு ஊற்றினோம். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு செம்பு. பிறகு நாள்தோறும் ஒரு வாளி. பங்கு வீட்டுக் கிணற்றின் உவர் நீரைத்தான் ஊற்றினோம். வண்டிக்கு நல்ல தண்ணீர் எதற்கு என்பது நம் எண்ணம். கசிவு மிகுந்தபோது, உபதேசியார் சொன்ன கைமருந்தாக ஒரு கைப்பிடி மஞ்சள் தூளையும் உள்ளே கரைத்து விட்டோம். உண்மையாகவே சில நாள் கசிவு நின்றது. நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு நண்பகல். எட்டயபுரத்துக்கும் அப்பால் உள்ள ஒரு கிராமத்தில் பிரசவ வேதனையில் இருந்த ஒரு பெண்ணை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது 2008ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்திய காலம் அது. ஊரில் நின்ற ஒரே வண்டி நம்முடையது. அப்பெண்ணையும், அவளுடைய தாயையும், கணவனையும், துணைக்கு ஒரு மூதாட்டியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். எட்டுக் கிலோமீட்டர் கடக்கவில்லை. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி சீறியது. நிறுத்தினோம்.

இருபுறமும் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக்கிடந்தது. நிழலுக்கு ஓர் உடைமரம். சற்றுத் தள்ளி ஒரு வீடு. மனைவியின் முனகலைக் கேட்டுப் பொறுக்க மாட்டாத அந்தக் கணவன், நாம் தடுப்பதற்குள் துண்டை மூடியின்மேல் போட்டுத் திருகிவிட்டான். கொதிநீர் பீறிட்டு அவனுடைய வலக்கையை முழங்கை வரை வேகவைத்தது. அலறல் கேட்டு அந்த வீட்டிலிருந்த பாட்டி ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தாள். அவன் கைமேல் முதலில் ஊற்றினாள். மீதியை நாம் எஞ்சினுக்குக் கேட்டபோது, “இருங்க சாமி. காஞ்ச சட்டியில பச்சத் தண்ணிய ஊத்தினா சட்டி விட்டுப்போகும். ஆறட்டும்” என்றாள். தத்துவமும் இறையியலும் கற்ற நமக்குத் தெரியாத பௌதிகம் அடுப்படியில் நின்ற அவளுக்குத் தெரிந்திருந்தது.

அரைமணி நேரம் காத்திருந்தோம். அது எவ்வளவு நீண்ட அரைமணி என்பதை அப்பெண்ணின் தாய்தான் சொல்ல வேண்டும். பின்னர் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, சிறுகச் சிறுகத் தண்ணீரை ஊற்றினோம். பாதி உள்ளே நின்றது. பாதி அடியால் வழிந்து நிலத்தின் வெடிப்புக்குள் போயிற்று. அவள் மற்றொரு குடமும் கொணர்ந்தாள். பிறகுதான் அறிந்தோம், அந்த இரண்டு குடமும் குழாயடியில் முறைவைத்துக் காத்திருந்து பிடித்த குடிதண்ணீர். அடுத்த முறை வரும்வரை அவள் வீட்டுக்கு வேறு தண்ணீர் இல்லை.

மருத்துவமனையை அடைந்தோம். தாயும் சேயும் பிழைத்தனர். ஆனால், “ஏன் இவ்வளவு தாமதம்?” என்று மருத்துவர் கேட்டபோது, “வண்டி பழுது” என்று சொன்னோம். அது முழு உண்மை அன்று. வண்டி ஆறு மாதமாகப் பழுதாக இருந்தது; அதை அறிந்தே ஓட்டினோம். தீப்பெட்டி ஆலையில் வேலை செய்த அந்தக் கணவன், கை ஆறும்வரை வேலைக்குச் செல்ல முடியாமல் கூலி இழந்தான். நம் அசட்டையின் விலையை அவனும் அந்தப் பாட்டியும் கொடுத்தார்கள்.

மறுநாள் ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் ஒரு முதிய மேஸ்திரியிடம் வண்டியைச் சேர்த்தோம். அவர் ரேடியேட்டரைக் கழற்றினார். ஒரு வழியை விட்டு மற்ற வழிகளையெல்லாம் அடைத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்தினார். எங்கெங்கே குமிழி வந்ததோ அங்கங்கே கசிவு. ஓரிடம் என்று நாம் எண்ணியிருந்தோம். மூன்று இடங்கள் இருந்தன. மேல்தொட்டியைப் பற்றாசு இளக்கி எடுத்துத் திறந்து காட்டினார். தட்டையான குழல்களில் பாதிக்கு மேல் வெள்ளைக் காரை படிந்து அடைபட்டிருந்தன. அதன்மேல் நம் மஞ்சள் தூள் களிம்பாக அப்பிக்கிடந்தது. “கசியுறது நோய் இல்ல சாமி, அது வண்டி உங்ககிட்ட முறையிடுறது. நீங்க தண்ணிய ஊத்தி ஊத்தி அது வாயை அடைச்சுட்டீங்க” என்றார். நம் மறையுரைகளில் இதனினும் தெளிவாக எதையும் நாம் சொன்னதாக நினைவில்லை.

காரை ஏன் படிந்தது? நம் வட்டாரத்துக் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பெரும்பாலும் கடினநீர்; சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் அதில் கரைந்திருக்கும். சூடேறும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து சுவரில் ஒட்டும். வெந்நீர்ப் பானையின் அடியில் இல்லத்தரசிகள் சுரண்டி எடுக்கும் வெள்ளைப் பொருக்கு அதுவே. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு உடன் செல்வதில்லை; உள்ளேயே தங்கும். மீண்டும் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் புதிய உப்பைக் கொண்டுவருகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டி நீர் பாய்ச்சுவதும் இதே முறைதான். ஆக, நாம் ஆறு மாதமாக வண்டிக்குள் ஓர் உப்பளம் நடத்தியிருக்கிறோம்! செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் நூறில் ஒரு பங்குகூட இந்தக் காரைக்கு இல்லை. எனவே தண்ணீர் நிறைந்திருந்தாலும் எஞ்சின் குளிராது.

எஞ்சினுக்கு இவ்வளவு குளிர்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்நீர் சுமந்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. தொடக்கக் காலத்தில் இதற்கென ரேடியேட்டரே இல்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா அம்மையார், கணவரிடம் சொல்லாமலே தம் இரு புதல்வரோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்சைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியில் சென்றார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்தமையால், கண்ட இடமெல்லாம் நிறுத்தி நீர் நிரப்ப வேண்டியதாயிற்று. நீர் மலிந்த நாட்டில் அது இயலும். நம் கரிசல் காட்டில் அப்படி ஒரு வண்டி ஒரு நாள் ஓடினால் ஒரு குடும்பத்தின் குடிநீர் போய்விடும். 1900ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மைபாக் என்னும் பொறியாளர், முதல் மெர்சிடிஸ் காருக்காக 8,000க்கும் மேற்பட்ட சிறு குழல்களைத் தேன்கூடுபோல் அடுக்கி ரேடியேட்டர் ஒன்றைச் செய்தார். அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் குளிர்வித்துப் பயன்படுத்தும் வழி அதனால் செம்மையடைந்தது. அதாவது ரேடியேட்டர் என்பது தண்ணீரை மிச்சப்படுத்தும் கருவி. அதை ஒழுகவிட்டு ஓட்டுகிறவர் நூறாண்டு முன்னேற்றத்தைத் தூக்கி எறிந்து, பெர்த்தா அம்மையாரின் வண்டிக்கே திரும்பிப் போகிறார்.

இனி, பழைய கார் வைத்திருக்கும் குடும்பத்தார் கவனிக்க வேண்டியவற்றை, மேஸ்திரியிடம் கற்ற வரிசையிலேயே சொல்கிறோம்.

முதலாவது, தரையைப் பார்க்க வேண்டும். இரவில் வண்டி நிற்கும் இடத்தில் பழைய அட்டை ஒன்றை விரித்துவையுங்கள். குளிர்சாதனம் உள்ள காரில், அது ஓடியபின் தெளிந்த நீர் சொட்டுவது இயல்பு, அது குற்றமன்று. பச்சை, சிவப்பு போன்ற நிறமோ, துருவோ, பிசுபிசுப்போ இருந்தால் அது குளிர்நீர். சூட்டில் சொட்டு தரைக்கு வருமுன்னே உலர்ந்துவிடுவதும் உண்டு. அப்போது வழிந்த தடத்தில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புக் கோடு தெரியும். ரப்பர் குழாய்களின் இணைப்பு, தொட்டியும் குழல்களும் சேரும் விளிம்பு, அடித் திருகு, தண்ணீர்ப் பம்பின் கீழுள்ள சிறு துளை ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். பம்பின் துளையில் நீர் வந்தால் உள்ளே அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அத்துளையை அடைக்கக் கூடாது.

இரண்டாவது, வெளியே சொட்டே இல்லாமல் தண்ணீர் குறைந்தால் இன்னும் கவலைப்பட வேண்டும். எஞ்சின் எண்ணெய் மோர்போல் வெளுத்திருத்தல், புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, ரேடியேட்டருக்குள் விடாது குமிழி எழுதல் ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதின் அடையாளங்கள். அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

மூன்றாவது, மூடி. அதை வெறும் மூடி என்று எண்ணிவிடுகிறோம். அதிலுள்ள வில் உள்ளே அழுத்தத்தைக் காக்கிறது. திறந்த பானையில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். இன்றைய கார்களில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் இருப்பதால் 120 பாகை அளவில்தான் கொதிக்கும். பிரஷர் குக்கர் வைத்திருக்கும் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. வில் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ, நல்ல ரேடியேட்டரும் கொதித்துவிடும். நம் அம்பாசிடரின் மூடியும் அப்படியே தளர்ந்திருந்தது. இந்தச் சிறு பொருளின் அருமையை உலகம் அறியும். சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் நிறுவனம் 1990களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ரேடியேட்டர் மூடிகளை வழங்கி, அதன் சிறந்த வழங்குநர் விருதைப் பலமுறை பெற்றது. கடல் கடந்து போன மூடியின் மதிப்பை உள்ளூரில் நாம் மறக்கலாமா? பழைய வண்டி வாங்கியதும் அதற்குரிய அழுத்த அளவு பொறித்த புதிய மூடி ஒன்றை மாற்றிவிடுங்கள்.

நான்காவது, காற்று. விசிறிப் பெல்ட் தளர்ந்திருந்தால் பழைய வண்டிகளில் விசிறியும் பம்பும் மெதுவாகச் சுழலும். புதிய வண்டிகளில் மின்விசிறி உரிய சூட்டில் தானாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பஞ்சும் பூச்சியும் கரிசல் புழுதியும் அடைந்தால் காற்று புகாது. பின்புறமிருந்து மெல்ல நீர் விட்டுக் கழுவினால் போதும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

ஐந்தாவது, தெர்மோஸ்டாட். “நம்ம ஊர்ல குளிரா அடிக்குது? இது எதுக்கு?” என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் நம் பக்கம் உண்டு. எஞ்சின் உரிய சூட்டை விரைவில் அடையவும் அந்நிலையில் நிற்கவும் அது வேண்டும். அது இல்லாவிடில் எரிபொருள் வீணாகும். எஞ்சின் விரைவில் தேயும். திறவாமல் சிக்கிக்கொண்டால் மாற்றுங்கள், கழற்றி எறியாதீர்கள்.

ஆறாவது, ஊற்றும் நீர். வண்டிக்குரிய கூலன்ட்டை, குறிப்பிட்ட அளவில், வாலை வடிநீரோடு கலந்து ஊற்றுவதே முறை. நம் ஊரில் நீர் உறையப் போவதில்லை. ஆயினும் துரு பிடியாமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் பயன்கள். அவசரத்தில் வேறு வழியில்லையெனில், தூய மாடியில் பிடித்து வைத்த மழைநீர் கிணற்று நீரினும் நன்று. ஓர் எச்சரிக்கை: கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. அதைக் குடிநீர்ப் பாட்டிலில் வைக்காதீர்கள். வடித்ததைத் தெருவில் விடாதீர்கள். பிள்ளைகளும் ஆடும் நாயும் அதை நக்கிவிடக்கூடும்.

ஏழாவது, வழியில் கொதித்துவிட்டால் குளிர்சாதனத்தை உடனே நிறுத்தி, ஓரமாக நின்று, எஞ்சினை அணையுங்கள். மூடியைத் தொடாதீர்கள். குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடுங்கள். மேல்குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின், தடித்த துணியைப் போட்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருகி ஆவியைப் போகவிட்டு, பிறகு திறங்கள். தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். பாட்டி சொன்ன சட்டியை நினைவில் வையுங்கள்.

மஞ்சள் தூள், சோப்பு, கடையில் விற்கும் கசிவடைப்பு மருந்து முதலியன பற்றியும் சொல்லிவிடுகிறோம். வீடு போய்ச் சேர உதவினால் நன்று. ஆனால் மறுநாளே முறையாகப் பழுது பார்க்க வேண்டும். கசியும் துளைக்கும் குளிர்விக்கும் குழலுக்கும் வேறுபாடு தெரியாத மருந்து அது, இரண்டையும் அடைத்துவிடும். செம்பு, பித்தளை ரேடியேட்டரானால் மேல்தொட்டியைக் கழற்றி, குழல்களில் கம்பி விட்டுத் துப்புரவாக்கி, மீண்டும் பற்றாசு வைக்கலாம். நம்முடையதை அந்த மேஸ்திரி அவ்வாறே செம்மை செய்தார். இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியுமாக வருகின்றன. அவற்றின் தொட்டி வெடித்தால் மாற்றுவதே நன்று. வாங்குமுன்னரே இச்செலவையும் கணக்கிட்டு விலை பேசுங்கள்.

பழுது பார்த்தபின் அந்த வண்டி பல ஆண்டுகள் உழைத்தது. அதன் டிக்கியில் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர் வைத்திருந்தோம். ஒன்று வண்டிக்கு, அதைத் திறக்க நேர்ந்ததே இல்லை எனலாம். மற்றொன்று, கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வரும் தாமிரபரணித் தண்ணீர். அந்த வழியே போகும்போதெல்லாம் பாட்டி வீட்டில் இறக்கிவைப்போம். முதல் முறை அவள் கேனைப் பார்க்கவில்லை. குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தாள். தரை உலர்ந்திருப்பதைக் கண்டபின்தான், “சரியாப் பார்த்துட்டீங்களா சாமி?” என்று கேட்டுத் தண்ணீரை வாங்கிக்கொண்டாள்.

கார் மந்திரிக்க வந்த அந்த இளைஞரிடம் இவ்வளவையும் சொன்னோம். மறுநாளே மேஸ்திரியிடம் கொண்டுபோவதாக உறுதி கூறினார். அடுத்த ஞாயிறு அவர் வண்டி நகர்ந்தபின், நாமும் குனிந்து தரையைப் பார்த்தோம். உலர்ந்திருந்தது.